சுக்கானைச் சுற்றிய தோல்

மோட்டார் வண்டியின் எண்ணற்ற உறுப்புக்களுள் சாரதியின் கை இடைவிடாது பற்றியிருப்பது ஒன்றே ஒன்றுதான். சுக்கான் என்று நூல்களும் ஸ்டியரிங் என்று சாரதிமாரும் சொல்லும் வளையமே அது. வண்டியைக் கழுவுவோர் பலர். கண்ணாடியைத் துடைப்போர் பலர். சில்லுகளுக்குக் கரும்பூச்சுப் பூசி அழகு பார்ப்போரும் உண்டு. சுக்கானை மட்டும் பெரும்பாலோர் ஒன்றில் மறந்துவிடுகின்றனர். அன்றேல், கைக்கெட்டிய எண்ணெயைத் தேய்த்துப் பளபளக்கச் செய்துவிடுகின்றனர். மறதியால் விளையும் கேட்டைக் காட்டிலும் அந்தப் பளபளப்பால் விளையும் கேடு பெரிது. தோல் போர்த்த சுக்கானைத் துப்புரவு செய்வது எவ்வாறு, பேணுவது எவ்வாறு, எவற்றை அதன் அருகிலும் கொண்டு செல்லலாகாது என்பனவே இன்றைய பேச்சின் பொருள்.

இது செல்வர்களின் சொகுசுக் கார்களுக்கு மட்டும் உரிய சங்கதி என்று எண்ணிவிட வேண்டாம். ஹல்துமுல்லைப் பகுதியின் பாதையைச் சற்று நினைத்துப் பாருங்கள். கொழும்பிலிருந்து இரத்தினபுரி, பலாங்கொடை, பெலிகுல்ஓயா வழியாக வரும் ஏ-4 நெடுஞ்சாலை ஹல்துமுல்லையைக் கடந்து பெரகலைச் சந்தியை அடைகிறது. அங்கே ஒரு கிளை மலையேறி அப்புத்தளைக்கும் பண்டாரவளைக்கும் செல்ல, நெடுஞ்சாலையோ கொஸ்லந்தை வழியாக வெல்லவாயவை நோக்கி இறங்குகிறது. ஒரு பக்கம் மலைச்சுவர், மறுபக்கம் பள்ளம், இடையிடையே கண்ணை மறைக்கும் மூடுபனி. இந்த வளைவுகளிலேதான் பாடசாலைப் பிள்ளைகளை ஏற்றிய வான்கள் ஓடுகின்றன. கொழுந்து லொறிகள் தொழிற்சாலைக்கு விரைகின்றன. நள்ளிரவில் நோயாளி ஒருவரைத் தியத்தலாவைக்கோ பதுளைக்கோ கொண்டு செல்ல வேண்டிய வண்டியும் இதே வழியாகத்தான் போக வேண்டும். சுக்கானில் கை வழுக்கினால் என்ன ஆகும் என்பதை இப்பாதையை அறிந்தவர்களுக்கு எடுத்துரைக்க வேண்டியதில்லை.

சுக்கானைப் பிடிப்பதிலே இரண்டு தொழில்கள் அடங்கியுள்ளன. வளைவுக்குள் புகும்போது கை அதனை இறுகப் பற்ற வேண்டும். வளைவு முடிந்து சில்லுகள் நேராகும்போது, அதே வளையம் உள்ளங்கையினூடே அளவாக நழுவித் தன் நிலைக்குத் திரும்ப வேண்டும். பற்ற வேண்டிய இடத்தில் வழுக்கினாலும் ஆபத்து. நழுவ வேண்டிய இடத்தில் ஒட்டினாலும் இடர். பதமான தோல் இவ்விரண்டு குணங்களையும் ஒருங்கே தருகிறது. உழைத்துப் பழகிய கையின் உள்ளங்கையைப் போல அது உலர்ந்தும் மங்கலாகவும் இருக்கும். ஆகவே, மினுங்கும் சுக்கான் நன்கு பேணப்பட்ட சுக்கான் அன்று. மினுக்கம் என்பது பெரும்பாலும் எண்ணெய்ப் பசையும் அழுக்கும் சேர்ந்து மெழுகிய படலமேயாகும்.

மற்றொரு காரணமும் உண்டு. 2020 ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் நமது நாட்டில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் பாவனைக்கான வாகனங்கள் மீண்டும் வரத் தொடங்கியது 2025 பெப்ரவரியிலேதான். இந்த இடைக்காலத்தில் பழைய வண்டிகளே கைமாறிக் கைமாறி உழைத்தன. அவற்றின் விலையும் உயர்ந்தது. கடனுக்கு ஒரு வானை வாங்கி, அதன் வாடகை வருமானத்தால் குடும்பத்தை நடத்தும் தோட்டப்புற இளைஞனுக்கு, வண்டியின் ஒவ்வோர் உறுப்பும் நீடித்து உழைக்க வேண்டியது அவசியம். தோல் உரிந்து தொங்கும் சுக்கானைப் புதுப்பிக்கும் செலவு மிகுதி. அதைக் காக்கும் செலவோ ஒரு துணித்துண்டும் சில துளி சவர்க்காரமுமே.

பேணும் முறையைச் சொல்வதற்கு முன்னர், தோல் என்பது யாது என்பதைச் சிறிது அறிந்து கொள்வோம். விலங்கின் பச்சைத்தோல் கொலாஜன் என்னும் புரத நார்களால் பின்னப்பட்டது. அதனை அப்படியே விட்டால் ஈரத்தில் அழுகும்; வெயிலில் மரக்கட்டையாக விறைக்கும். அந்த நார்களோடு துவர்ப்புப் பொருளையோ குரோமிய உப்பையோ பிணைத்து, அழுகாமலும் விறைக்காமலும் செய்வதே பதனிடுதல். தமிழ்நாட்டில் நெடுங்காலமாக ஆவாரம்பட்டை இதற்குப் பயன்பட்டது. நம் நாட்டு வறண்ட பகுதிகளில் வளர்வதும், சிங்கள மக்கள் ‘ரணவரா’ என்று அழைத்துப் பூவைப் பானமாகக் காய்ச்சிப் பருகுவதும் இந்த ஆவாரையே. பின்னர் குரோமியப் பதனிடல் பரவியது. சென்னைக்கு அருகே குரோம்பேட்டை என்னும் ஊர்ப்பெயரே அங்கிருந்த குரோம் லெதர் கம்பெனி என்ற தொழிற்சாலையால் வந்ததுதான்.

தேயிலை நாட்டு மக்களுக்குத் துவர்ப்பைப் பற்றி அதிகம் விளக்க வேண்டியதில்லை. சாயம் மிகுந்த வெறுந்தேநீரைப் பருகும்போது நாவும் அண்ணமும் இறுகுவது போலத் தோன்றுகிறதல்லவா? தேநீரின் துவர்ப்பு உமிழ்நீரின் புரதத்தைப் பற்றிக்கொள்வதே அதற்குக் காரணம். பட்டையின் துவர்ப்பு தோலின் புரதத்தைப் பற்றிக்கொள்வதும் அதே வகையான செயலே.

பதனிட்ட தோலுக்குள் சிறிதளவு எண்ணெய்ப் பொருளும் ஊட்டப்படுகிறது. நார்கள் ஒன்றின்மேல் ஒன்று உராயாது வளைந்து கொடுப்பதற்காக அது செய்யப்படுகிறது. அதன்மேல் நிறப்பூச்சு, நிறப்பூச்சின்மேல் கண்ணுக்குத் தெரியாத மெல்லிய பாதுகாப்புப் பூச்சு. இக்காலத்து வண்டிகளின் சுக்கானில் நம் கை தொடுவது பெரும்பாலும் இந்த மேற்பூச்சையே என்பதை நினைவில் வைக்க வேண்டும். பூச்சு உள்ளவரை தோல் வாழும். பூச்சு தேய்ந்தால் வியர்வை நேரே நார்களுக்குள் இறங்கிவிடும். நாம் பேண வேண்டியது தோலை மட்டுமன்று, அதைப் போர்த்திய பூச்சையுமே ஆகும்.

இனி, சுக்கானின் பகைவர் யாவர் எனப் பார்ப்போம். முதலாவது, நம் கையே. வியர்வையிலே உப்பும் அமிலமும் உண்டு; தோலின் இயற்கை எண்ணெயும் அதனோடு கலக்கும். வழியில் நிறுத்தி வடை தின்ற கையின் எண்ணெய், தலைவலிக்குத் தேய்த்த தைலம், பாதையின் செம்மண் தூசி ஆகிய யாவும் சேர்ந்து, சுக்கானின்மேல் கருமையான மெழுக்காகப் படிகின்றன. அந்தத் தூசி நுண்ணிய மணலுமாதலால், ஒவ்வொரு திருப்பத்திலும் பூச்சைச் சிறுகச் சிறுக அராவுகிறது. தோட்டத்து வண்டிகளுக்கு இன்னொரு கறையும் உண்டு. கொழுந்து அளைந்த கையிலுள்ள சாற்றின் துவர்ப்பு, இரும்புத் துருவோடு கூடினால் மை போன்ற கருமையைத் தரும். பூச்சுத் தேய்ந்த வெளிர்நிறத் தோலில் அது படிந்துவிட்டால் போக்குவது கடினம். எனவே சாறு காய்வதற்கு முன்னரே ஈரத்துணியால் துடைத்துவிடல் நன்று.

துப்புரவு செய்யத் தொடங்குமுன், உங்கள் சுக்கான் உண்மையிலேயே தோல் போர்த்ததா என அறிந்துகொள்ளுங்கள். பல வான்களின் சுக்கான் பொலியூரித்தேன் என்னும் வார்ப்புப் பொருளால் ஆனது. தோலின் வரிவடிவம் அச்சாகப் பதிந்திருக்கும். தோல் போர்த்ததாயின், வளையத்தின் உட்பக்கமாக நூல் கொண்டு தைத்த தையலும், தோல் துண்டுகள் சந்திக்கும் பொருத்துக்களும் தென்படும். வார்ப்புச் சுக்கானுக்குத் துடைத்தல் மட்டும் போதும். பின்னர் சொல்லப்போகும் கிறீம் அதற்கு வேண்டியதில்லை.

வண்டியைச் சமதரையில், நிழலில் நிறுத்துங்கள். கைத்தடையை இட்டு, இயந்திரத்தை நிறுத்தி, சாவியை எடுத்துவிடுங்கள். வெயிலில் நின்று சூடேறிய சுக்கானாயின் ஆறும்வரை பொறுத்திருங்கள். முதலில் உலர்ந்த மென்துணியால் தூசியைத் துடையுங்கள். தையல் வரிசையில் புகுந்த அழுக்கை மிருதுவான பற்தூரிகையால் தட்டி எடுக்கலாம். தையலுக்குக் குறுக்கே அழுத்தித் தேய்த்தால் நூல் பிரியும்.

பின்னர் அரை லீற்றர் வெதுவெதுப்பான நீரிலே, குழந்தைகளைக் குளிப்பாட்டும் மென்மையான திரவச் சவர்க்காரத்தைச் சில துளிகள் விட்டுக் கலக்குங்கள். தோலுக்கென விற்கப்படும் துப்புரவுத் திரவம் கிடைக்குமாயின் அது இன்னும் நன்று. துணியை அதில் தோய்த்து, ஒரு சொட்டும் விழாதவாறு முறுக்கிப் பிழியுங்கள். சுக்கானின் அடிப்பக்கத்தில், கண்ணிற்படாத ஓரிடத்தில் முதலிற் சோதியுங்கள். நிறம் துணியில் இறங்கினால் அங்கேயே நிறுத்திக்கொள்ள வேண்டும். பூச்சு ஏற்கெனவே தளர்ந்துவிட்டது என்பதற்கு அது அடையாளம்.

சோதனை தேறினால், சுக்கானைக் கடிகார முகமாக எண்ணிக்கொள்ளுங்கள். பன்னிரண்டிலிருந்து மூன்றுவரை ஒரு பகுதி, மூன்றிலிருந்து ஆறுவரை ஒரு பகுதி என நான்காகப் பிரித்து, ஒவ்வொன்றாக மெல்லத் துடையுங்கள். துணியின் அழுக்கான பக்கத்தை மடித்து மாற்றிக்கொண்டே செல்ல வேண்டும். இல்லாவிடில் எடுத்த அழுக்கையே மீண்டும் பூசியவராவீர்கள். ஒரே தடவையில் முழுவதும் போகாவிட்டால், பலமாகத் தேய்க்காது, மென்மையாகவே இரண்டாம் முறை செய்யுங்கள். அதன்பின் வெறும் நீரில் நனைத்துப் பிழிந்த வேறொரு துணியால் சவர்க்காரத்தை முற்றாக நீக்கி, உலர்ந்த துணியால் ஒற்றி எடுங்கள். கதவுகளைத் திறந்து வைத்து ஒரு மணி நேரம் காற்றிலே உலர விடுங்கள். வெயிலில் காய்ச்சுவதும் சூட்டுக்காற்றுக் கருவியைக் காட்டுவதும் கூடாது.

நீரைத் தெளிப்பதோ ஊற்றுவதோ ஏன் கூடாது எனச் சிலர் கேட்கலாம். சுக்கானின் நடுவிலே ஊதுகுழல் பொத்தானும், பல வண்டிகளில் மின் ஆளிகளும், விபத்தின்போது விரிந்து உயிர்காக்கும் காற்றுப் பையும் உள்ளன. நீர் உள்ளே இறங்கினால் அவை பழுதுறலாம். நடு மூடியைக் கழற்றித் துடைக்கும் எண்ணமே வேண்டாம். காற்றுப் பை எதிர்பாராது வெடித்து விரிந்தால் கடுங்காயம் நேரும். அது பயிற்சி பெற்ற திருத்துநருக்கு மட்டுமே உரிய வேலை.

அடுத்ததாக, சவர்க்காரத்தின் வன்மையைப் பற்றி ஒரு சொல். தோல் இயல்பிலே இளம் அமிலத்தன்மை கொண்டது. அமில கார அளவுகோலில் ஏழு என்பது நடுநிலையாயின், தோல் ஏறக்குறைய மூன்றரைக்கும் ஐந்துக்கும் இடையே நிற்கும். உடுப்புத் தோய்க்கும் கட்டிச் சவர்க்காரமோ ஒன்பது, பத்து என்ற கார நிலையில் உள்ளது. ஒரு தடவையில் தீங்கு தெரியாது; ஆனால் அடிக்கடி பயன்படுத்தினால் பூச்சு மங்கித் தோல் வறண்டு வெடிக்கும். தேசிக்காய்ச் சாறு, அப்பச்சோடா, பற்பசை ஆகியவையும் வேண்டா. மண்ணெண்ணெயும் பெற்றோலும் அழுக்கை நொடியிற் போக்குவது உண்மையே. தோலுக்குள் ஊட்டிய எண்ணெயையும் மேலுள்ள பூச்சையும் அவை சேர்த்தே போக்கிவிடும். 2020 இல் பெருந்தொற்றுக் காலத்தில் எங்கும் பரவிய கிருமிநீக்கித் திரவத்தில் உள்ள மதுசாரமும் பூச்சைத் தளர்த்தும். அதைக் கையிற் பூசினால், கை நன்றாக உலர்ந்த பின்னரே சுக்கானைப் பிடியுங்கள்.

இப்போது நம் வீடுகளில் எதற்கும் முதலில் நினைவுக்கு வரும் தேங்காய் எண்ணெயைப் பற்றிப் பேச வேண்டும். தலைக்கும் விளக்குக்கும் உதவும் எண்ணெய் தோலுக்கும் உதவாதா என்று நினைப்பது இயல்பே. ஆனால், மேற்பூச்சு உள்ள தோலுக்குள் அது ஊறுவதில்லை. மேலேயே நின்று வழுக்கும். தேங்காய் எண்ணெய் ஏறக்குறைய 24 பாகை செல்சியசுக்குக் கீழே உறையும் இயல்புடையது. அப்புத்தளை, ஹல்துமுல்லைக் குளிரிலே போத்தலுக்குள் அது வெண்மையாக இறுகுவதை இல்லத்தரசிகள் நன்கறிவர். சுக்கானிலும் அவ்வாறே காலையில் பிசுபிசுப்பாக ஒட்டி, கைச்சூடு ஏறியதும் உருகி வழுக்கத் தொடங்கும். சாரதி புறப்படும்போது உணர்ந்த பிடி ஒன்று. பெரகலை வளைவை அடையும்போது கிடைக்கும் பிடி மற்றொன்று. தூசியைக் கவர்வதும், நாட்படச் சிக்கு மணம் வீசுவதும், பூஞ்சணத்துக்கு உணவாவதும் அதன் பிற குற்றங்கள். நல்லெண்ணெய்க்கும் ஆமணக்கெண்ணெய்க்கும் இதே தீர்ப்புத்தான். சப்பாத்து மை கையிலும் உடுப்பிலும் ஒட்டும். சில்லுக்கும் தட்டுப்பலகைக்கும் பூசும் மினுக்குத் திரவங்களிற் பல சிலிக்கோன் எண்ணெய் கொண்டவை. சுக்கானுக்கு அவை சிறிதும் ஆகா.

அப்படியானால் எதைப் பூசுவது? மோட்டார் வண்டித் தோலுக்கெனச் செய்யப்பட்ட, மினுக்கம் தராத, நீர் கலந்த கிறீமே தக்கது. அதையும் சுக்கானின்மேல் நேரே இடாமல், ஓர் அவரை விதை அளவு துணியில் எடுத்து மெல்லியதாகத் தடவுங்கள். பத்துப் பதினைந்து நிமிடம் சென்றபின், எஞ்சியது அனைத்தையும் உலர்ந்த துணியால் முற்றாகத் துடைத்துவிடுங்கள். மாலையில் செய்து இரவு முழுதும் விட்டுவைப்பது உத்தமம். ஆண்டுக்கு இரண்டு அல்லது மூன்று முறைக்குமேல் இது வேண்டியதில்லை. காலையில் உலர்ந்த உள்ளங்கையால், வண்டி நின்றிருக்கும்போதே சுக்கானைப் பற்றித் திருப்பிப் பாருங்கள். சிறிதேனும் வழுக்கினால், பிழிந்த ஈரத்துணியால் மறுபடியும் துடைத்து உலர்த்துங்கள். அதுவரை வண்டியைப் பாதையில் இறக்காதீர்கள். நல்ல கிறீம் கிடைக்காதபோது, ஒன்றும் பூசாது தூய்மையாக வைத்திருப்பதே எண்ணெய் பூசுவதிலும் மேலான பராமரிப்பு.

மலைநாட்டுக்கே உரிய தொல்லை பூஞ்சணம். ஐப்பசி, கார்த்திகை மழை தொடங்கியபின் வண்டியைச் சில வாரங்கள் பூட்டி வைத்துவிட்டுத் திறந்தால், சுக்கானின்மேல் சாம்பல் படர்ந்தாற் போன்ற பூப்பு காணப்படும். ஈரக்காற்றும், தோலில் படிந்த வியர்வையும் எண்ணெயும், அடைபட்ட இடமும் கூடினால் அது முளைத்துவிடும். வண்டியைத் திறந்த வெளியில் நிறுத்தி, கதவுகளை அகலத் திறந்து, மூக்கையும் வாயையும் மூடிக்கொண்டு, ஈரத்துணியால் அதனை ஒற்றித் துடையுங்கள்; உலர்ந்த நிலையில் தட்டினால் அதன் வித்துக்கள் வண்டி முழுதும் பரவும். பின்பு முன்னர் சொன்னவாறே சவர்க்கார நீரால் துடைத்து உலர்த்துங்கள். துடைத்த துணியை வேறொன்றுக்கும் பயன்படுத்தலாகாது. மீண்டும் மீண்டும் அது தோன்றினால் குற்றம் சுக்கானில் இல்லை. நனைந்த கால்விரிப்பு, வண்டிக்குள் போட்ட மழையங்கி, ஒழுகும் கதவு இறப்பர் ஆகியவற்றில் ஒன்றில் இருக்கும். ஈரத்தின் ஊற்றை அடைத்தால் பூஞ்சணம் தானே நிற்கும்.

ஈரத்துக்கு எதிர்மாறான பகை வெயில். ஊவாத் தேயிலைக்கு மணம் சேர்க்கும் ஆடி, ஆவணி மாதத்து வறண்ட காற்று, தோலையும் வறட்டும் இயல்பினது. அத்துடன் ஹல்துமுல்லையின் குளிரிலிருந்து புறப்பட்ட வண்டி சிறிது நேரத்திலேயே வெல்லவாயச் சமவெளியின் வெப்பத்தில் நிற்க நேர்கிறது. கண்ணாடி வழியே விழும் கதிர்கள் சுக்கானின் மேற்பாகத்தையே முதலில் தாக்குகின்றன. நிழலில் நிறுத்த இயலாதபோது ஒரு வெள்ளைத் துணியைச் சுக்கானின்மேல் விரித்துவிடுங்கள். புறப்படும்போது அதை எடுத்துவிட மறவாதீர்கள்.

கடைசியாக, பூச்சு உரிந்து தோலே தேய்ந்துபோன சுக்கானை என் செய்வது? அதற்குத் துப்புரவு மருந்தாகாது. தொங்கும் நூலை இழுக்காது, நுனியை மட்டும் வெட்டிவிடுங்கள். தேர்ந்த கைவினைஞர் புதுத் தோல் போர்த்தித் தைத்துக் கொடுப்பர். அதுவே நிலையான வழி. கடைகளில் வாங்கிப் பொருத்தும் உறை மலிவானதெனினும், அளவு பொருந்தாவிடில் பேராபத்து. உறையைப் பொருத்திய பின்னர் இரு கைகளாலும் இறுகப் பிடித்து முறுக்கிப் பாருங்கள். உறை ஒரு விரலளவேனும் தனியாகச் சுழன்றால் அதைக் கழற்றி எறிந்துவிடுங்கள். வளைவில் சாரதியின் கை திரும்ப, சுக்கான் திரும்பாது நிற்கும் நிலையை அது உண்டாக்கும்.

இத்தனையும் கேட்டு, பெருவேலை என்று மலைக்க வேண்டாம். வாரம் ஒருமுறை, பிழிந்த ஈரத்துணியால் இரண்டு நிமிடம். மாதம் ஒருமுறை, சவர்க்கார நீரால் முழுத் துப்புரவு. நாள்தோறும், உணவருந்திய கையைக் கழுவித் துடைத்த பின்னரே சுக்கானைத் தொடுதல். வாடகை வண்டியாயின் துப்புரவைச் சற்று அடிக்கடி செய்யலாம். கழுவிப் பூசி மினுக்கிய வண்டியைக் கண்டு ஊரார் மெச்சுவர். மங்கலாகவும் உலர்ந்தும் இருக்கும் சுக்கானை எவரும் மெச்சப் போவதில்லை. ஆனால், மூடுபனிக்கிடையே வளைவு திடீரென எதிர்ப்படும் வேளையில், பின் ஆசனத்தில் உறங்கும் பிள்ளைகளுக்கு வேண்டியது சாரதியின் கை வழுக்காத அந்தச் சுக்கானே.